பம்பரத்தை நம்பிப் பறந்தவர்கள்

1959, பிப்ரவரி 3. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மேஸன் சிட்டி என்கிற சின்ன ஊர். நள்ளிரவு தாண்டி மணி ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. எலும்பைத் துளைக்கும் குளிர். லேசாகப் பனித் தூவல். நாலே பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானம் ரன்வேயில் ஓடி, எழும்பி, இருட்டுக்குள் நுழைந்தது.

உள்ளே இருந்த மூன்று பயணிகளும் அன்றைய அமெரிக்க இளைஞர்களின் கனவு நாயகர்கள். பாடகர் பட்டி ஹாலி, வயது 22. 'லா பாம்பா' பாடிய ரிச்சி வாலன்ஸ், வயது வெறும் 17. 'பிக் பாப்பர்' என்று ரசிகர்கள் கொண்டாடிய ஜே.பி.ரிச்சர்ட்ஸன், வயது 28. ஊர் ஊராக பஸ்ஸில் போய்ப் பாடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் ஹீட்டர் ரிப்பேர். குளிரில் விறைத்துப்போன ஹாலி, 'இனி முடியாதுப்பா' என்று தலைக்கு 36 டாலர் கொடுத்து விமானம் அமர்த்தினார். ஒரு ஸீட்டுக்குக் காசு சுண்டிப் பார்த்தார்கள். பாவம், வாலன்ஸ் ஜெயித்துவிட்டார்!

விமானி ரோஜர் பீட்டர்ஸன். அவருக்கும் வயது 21தான்.

விமானத்தின் சொந்தக்காரர் ஏர்போர்ட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வால் பக்க விளக்கு மேலே போனது. கொஞ்ச நேரத்தில் அது மெள்ள மெள்ளக் கீழே இறங்குவதுபோல் தெரிந்தது. அப்புறம் கண்ணிலிருந்து மறைந்தது. ரேடியோவில் கூப்பிட்டால் பதில் இல்லை. விடிந்த பிறகு அவரே இன்னொரு விமானத்தில் தேடிக்கொண்டு போனார். ஏர்போர்ட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை... ஒரு சோள வயலில் சிதறிக் கிடந்தது. நால்வரும் உயிரோடு இல்லை.

இந்த விபத்தைப் பற்றிப் பிற்பாடு பாட்டு வந்தது (டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை', 1971), புத்தகங்கள் வந்தன, சினிமா வந்தது. எல்லோரும் பாடகர்களைப் பற்றிப் பேசினார்கள். நாம் பார்க்கப்போவது வேறு ஒன்று.

அரசாங்கத்தின் விபத்து விசாரணை அறிக்கையில் விமானத்தில் இருந்த கருவிகளின் பட்டியல் வருகிறது. ரேடியோ, திசை காட்டும் கருவி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறவர்கள், நடுவில் போகிறபோக்கில் ஒரு தகவல் சொல்கிறார்கள். விமானத்தில் 'லியர்' கம்பெனியின் ஆட்டோ பைலட் ஒன்று இருந்தது. சமீபத்தில்தான் பொருத்தினார்கள். ஆனால், அது இயங்கும் நிலையில் இல்லை!

அவ்வளவுதான். அடுத்த கருவிக்குப் போய்விடுகிறது அறிக்கை.

அது இயங்கியிருந்தால் நாலு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், அந்த இரவில் ஒரு மனிதனால் செய்ய முடியாத ஒரே ஒரு வேலையைச் செய்யத்தான் அந்தப் பெட்டி கண்டுபிடிக்கப்பட்டது. 1914-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. அப்புறம் ஏன் அது சின்ன விமானங்களுக்கு ஒழுங்காக வந்து சேர நூறு வருஷம் ஆயிற்று? சுவாரஸ்யமான கதை. கொஞ்சம் சோகமான கதையும்கூட.

* * *

முதலில் ஒரு சந்தேகம். விமானம் சாய்கிறதா, நேராகப் போகிறதா என்று உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத் தெரியாதா என்ன?

தெரியாது! அதுதான் விஷயம்.

நின்றுகொண்டிருக்கும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்கிறது. 'அட, நம்ம வண்டி கிளம்பிருச்சு' என்று ஒரு கணம் ஏமாந்திருப்பீர்கள். கண் ஏமாற்றியது. இதுபோலக் காதும் ஏமாற்றும். நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அதற்குள் திரவம். தலை திரும்பினால் திரவம் அசையும். 'திரும்புகிறோம்' என்று மூளைக்குத் தகவல் போகும். ஆனால், ஒரே சீராக, மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் இருபது விநாடிகளில் திரவமும் கூடவே சுற்றப் பழகிவிடும். அப்புறம் தகவல் நின்றுவிடும். 'நேராகத்தானே போறோம்' என்று மூளை சத்தியம் செய்யும்.

பகலில் பிரச்னை இல்லை. ஜன்னல் வழியே அடிவானம் தெரியும். மேகத்துக்குள்ளோ, நிலா இல்லாத இரவிலோ என்ன செய்வது? ஒரு பக்க இறக்கை லேசாகத் தாழ்கிறது. விமானம் வளைந்து திரும்புகிறது. மூக்கு இறங்குகிறது. வேகம் கூடுகிறது. 'உயரம் குறையுதே' என்று பதறி விமானி ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் இழுக்கிறார். விமானம் சாய்ந்திருப்பதால் அவர் இழுக்க இழுக்க வளைவுதான் இறுகுகிறது, உயரம் ஏறுவதில்லை. விமானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கல்லறைச் சுருள்'.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேர். வெளியே எதுவும் தெரியாமல் மறைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் ஓட்டவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். 19 பேர் கல்லறைச் சுருளில்! சிலர் 20 விநாடியில், ஒருவர் 8 நிமிடம் வரை தாக்குப்பிடித்து... சராசரி எவ்வளவு தெரியுமா? 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. சோதனைக்குப் பயன்படுத்திய விமானம்? பீச்கிராஃப்ட் பொனான்ஸா. ஐந்து வருஷம் கழித்துப் பட்டி ஹாலி ஏறிய அதே ரகம்.

அயோவா சோள வயலில் கிடைத்த கருவிகளின் முட்கள், தரையில் மோதிய கணத்தில் அப்படியே சிக்கி நின்றிருந்தன. விமானம் வலது பக்கம் 90 டிகிரி சாய்ந்து, மூக்கு கீழே, நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் இறக்கம். பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல ஒரு சுருள்!

* * *

இந்த ஏமாற்றத்துக்கு மருந்து என்ன? பம்பரம்.

சின்ன வயதில் சாட்டை சுற்றி விட்டிருப்பீர்களே, அதேதான். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாது. தட்டிவிட்டாலும் தன் நிலையைப் பிடிவாதமாகக் காப்பாற்றும். அதை எந்தப் பக்கமும் ஆடும் வளையங்களில் தொங்கவிட்டால் வந்துவிட்டது ஜைராஸ்கோப். விமானம் சாய்ந்தாலும் உள்ளே இருக்கிற பம்பரம் சாயாது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை அளந்தால் விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தையே கட்டளையாக மாற்றி இறக்கைத் தகடுகளை அசைத்தால்? விமானம் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். ஆட்டோ பைலட் என்பது இதுதான்.

அமெரிக்காவில் எல்மர் ஸ்பெர்ரி என்கிற கண்டுபிடிப்பாளர் கப்பல்களுக்கு ஜைராஸ்கோப் செய்துகொண்டிருந்தார். அவர் பையன் லாரன்ஸ் ஸ்பெர்ரிக்கு விமானப் பைத்தியம். அப்பாவின் பம்பரத்தை எடுத்து விமானத்தில் மாட்டினான் பிள்ளை.

1914, ஜூன் 18. பாரீஸுக்குப் பக்கத்தில் ஸேன் நதிக்கரை. விமானப் பாதுகாப்புக்கான போட்டி. முதல் பரிசு 50 ஆயிரம் ஃபிராங்க். கரையெல்லாம் கூட்டம். 21 வயது லாரன்ஸ் தன் கர்ட்டிஸ் விமானத்தில் தாழ்வாகப் பறந்து வந்து, நடுவர்களுக்கு நேராக இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். 'பார்த்துக்குங்க, நான் எதையும் தொடலை!' கைத்தட்டல். அடுத்த சுற்றில் மெக்கானிக் எமில் காஷின் எழுந்து இறக்கை மேல் நடந்து போய் நின்றார். ஒரு பக்கம் பாரம் கூடியதும் விமானம் கவிழ்ந்திருக்க வேண்டும். லேசாகச் சாய்ந்து, தானாக நிமிர்ந்துகொண்டது! மூன்றாவது சுற்றில் லாரன்ஸும் எழுந்து மறுபக்க இறக்கைக்குப் போய்விட்டார். ஓட்டுநர் ஸீட் காலி! ஜனங்கள் வாயடைத்துப் போனார்கள். பரிசு யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

விமானம் பிறந்தே அப்போது பதினொரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் ஆட்டோ பைலட் தயார்!

அதற்குப் பிறகு லாரன்ஸுக்குக் கிடைத்த காலம் குறைவு. 1923 டிசம்பரில் மூடுபனிக்கு நடுவே ஒரு சின்ன விமானத்தில் இங்கிலாந்திலிருந்து இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டவர் கரை சேரவில்லை. வயது 30.

பத்து வருஷம் கழித்து ஸ்பெர்ரி கம்பெனியின் பம்பரத்தை உலகமே பேசும்படி செய்தவர் ஒற்றைக் கண் மனிதர். பெயர் வைலி போஸ்ட். எண்ணெய்க் கிணறு வேலையில் இடது கண் போய்விட்டது. கிடைத்த நஷ்டஈட்டில் மற்றவர்கள் நிலம், வீடு வாங்குவார்கள். இவர் விமானம் வாங்கினார்! 1931-ல் வழிகாட்டி ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எட்டே முக்கால் நாளுக்குள் உலகத்தைச் சுற்றினார். 1933 ஜூலையில், 'இந்தத் தடவை துணைக்கு ஆள் வேண்டாம். பம்பரம் போதும்' என்று தனியாகவே கிளம்பிவிட்டார்.

நடுவில் தூக்கம் சொக்குமே? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கையில் ஒரு ஸ்பானர். அதை நூலால் விரலில் கட்டிக்கொண்டார். கண் அசந்தால் ஸ்பானர் நழுவும், விரலை வெடுக்கென்று இழுக்கும், முழிப்பு வந்துவிடும். அந்தச் சில நிமிட உறக்கத்தில் விமானத்தைப் பிடித்துக்கொண்டது ஆட்டோ பைலட்.

சும்மா பிடித்துக்கொள்ளவில்லை, படுத்தியும் எடுத்தது! பெர்லினில் இறங்கி ரிப்பேர். மாஸ்கோவில் ரிப்பேர். சைபீரியாவில் இர்க்குட்ஸ்கில் மறுபடி ரிப்பேர். இத்தனைக்கும் நடுவில் 7 நாள் 18 மணி 49 நிமிடத்தில் நியூயார்க் திரும்பினார் போஸ்ட். உலகைத் தனியாகப் பறந்து சுற்றிய முதல் மனிதர்.

ஆட்டோ பைலட்டின் இரண்டு குணங்களும் அந்த ஒரே பயணத்தில் தெரிந்துவிட்டன. ஒன்று, அது உயிர் காக்கும். இரண்டு, அது கெட்டுப்போகும்.

* * *

இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசும் விமானங்களில் எல்லாம் ஆட்டோ பைலட் வந்தது. போருக்குப் பிறகு பயணிகள் விமானங்களிலும் சகஜமானது. பெரிய விமானத்தில் விமானிகள் இரண்டு பேர், கருவிகள் இரண்டு மூன்று ஜோடி, பராமரிக்க ஒரு பட்டாளம்.

சின்ன விமானத்தில்? விமானி தனி ஆள். வரைபடம் பார்க்க வேண்டும், ரேடியோவில் பேச வேண்டும், எரிபொருள் கணக்குப் போட வேண்டும். கைகளோ இரண்டுதான். மூன்றாவது கை யாருக்கு அவசியம் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால், அது கடைசியாக எட்டிப் பார்த்தது இவர்களைத்தான்.

பில் லியர் என்றொருவர். ஹைஸ்கூல் பக்கம் அதிகம் போகாத மேதை. கார் ரேடியோ, பிற்பாடு லியர்ஜெட் விமானம் எல்லாம் இவர் பெயரோடு சேர்ந்தவை. ஜெட் விமானங்களுக்காக இவர் செய்த குட்டி ஆட்டோ பைலட்டுக்கு 1949-ம் வருஷத்தின் காலியர் விருது கிடைத்தது. இவருடைய கம்பெனி சின்ன விமானங்களுக்கும் ஆட்டோ பைலட் செய்து விற்றது. அயோவா விமானத்தில் வேலை செய்யாமல் கிடந்ததே, அது இவர்கள் சரக்குதான்.

1965-ல் மூனி கம்பெனி ஒரு புரட்சி செய்தது. தன் குட்டி விமானங்களில், சுவிட்சே போடத் தேவையில்லாமல் எப்போதும் இறக்கையைச் சமமாக வைத்திருக்கும் சாதனத்தைப் பொருத்தியது. திரும்ப வேண்டும் என்றால் ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொள்ள வேண்டும். விரலை எடுத்தால் இறக்கை சமமாகிவிடும். அற்புதமான யோசனை! விமானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'சும்மா எதிர்த்துத் தள்ளுதுப்பா' என்று சலித்துக்கொண்டு, பொத்தான் மேல் ரப்பர் பேண்ட் மாட்டி நிரந்தரமாக அமுக்கிவிட்டார்கள் சிலர்!

அறுபது, எழுபதுகளில் சின்ன விமான வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. 1978-ல் மட்டும் அமெரிக்காவில் 17 ஆயிரத்துக்கும் மேல் தயாராயின. பிறகு சரிவு. விபத்து நடந்தால் தயாரிப்பாளர் மேல் கோடிகளில் வழக்கு. 1986-ல் செஸ்னா கம்பெனி, 'ஒற்றை பிஸ்டன் இன்ஜின் விமானமே வேண்டாம் சாமி' என்று நிறுத்தி, பத்து வருஷம் கழித்துத்தான் திரும்ப ஆரம்பித்தது. 1994-ல் அமெரிக்கா முழுக்கத் தயாரானவை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

விளைவு? பழைய விமானங்களே தொடர்ந்து பறந்தன. நன்றாகவே பறந்தன. அலுமினிய உடம்பைப் பராமரிக்கலாம். இன்ஜினைக் கழற்றிப் புதுப்பிக்கலாம். ஆனால், உள்ளே உட்கார்ந்திருந்த அந்த எழுபதுகளின் ஆட்டோ பைலட்?

* * *

வயதான ஆட்டோ பைலட் எப்படிச் சாகும் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆபத்தே அங்கேதான்.

அந்தக் காலக் கருவிகள் பலவற்றில் பம்பரத்தைச் சுற்ற வைப்பது காற்று. இன்ஜினோடு ஒரு பம்ப் சுழன்று காற்றை உறிஞ்சும். அந்த ஓட்டத்தில் பம்பரம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். பம்புக்குள் இருக்கும் தகடுகள் கார்பனால் ஆனவை. தேய்ந்துகொண்டே வந்து ஒரு நாள் படக்கென்று நொறுங்கும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது.

நொறுங்கியதும் பம்பரம் உடனே நிற்காது. மெதுவாக வேகம் குறைந்து, மெதுவாகச் சாயும். விமானி பார்க்கிற செயற்கை அடிவானக் கருவி அந்தப் பம்பரத்தால்தான் இயங்குகிறது. பல விமானங்களில் ஆட்டோ பைலட்டும் அதே பம்பரத்தைத்தான் நம்பியிருக்கிறது! பம்பரம் சாய்ந்தால் ஆட்டோ பைலட் என்ன நினைக்கும்? 'விமானம் சாய்ந்துவிட்டது' என்று நினைத்து, நேராகப் போகிற விமானத்தை ஒழுங்காகச் சாய்த்துவிடும். முழு விசுவாசத்தோடு, முழுத் தவறாக. திரையில் பார்த்தால் எல்லாம் சமமாகத் தெரியும். இரண்டுமே ஒரே பொய்யைச் சொல்லும்.

இது தவிர சர்வோ மோட்டார் சிக்கும், கேபிள் தளரும், ஒயர் முறியும். பழைய ஸ்கூட்டர் என்றால் நம்மூர் மெக்கானிக் எங்கிருந்தாவது ஒரு பார்ட்டைப் பிடித்து வந்து மாட்டிவிடுவார். செய்த கம்பெனிகளோ மூடிவிட்டன, அல்லது கை மாறிவிட்டன. அந்தக் கருவிகளைப் பிரித்து மேயத் தெரிந்த பழைய ஆட்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். பலர், 'போய்த் தொலையட்டும்' என்று ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, வேலை செய்யாத பெட்டியைச் சுமந்துகொண்டே பறந்தார்கள். பீட்டர்ஸன் பறந்த மாதிரியே.

'புதுசு வாங்கி மாட்ட வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி. குறுக்கே நின்றது சட்டம். தொழிற்சாலையில் செய்த விமானத்தின் வடிவமைப்புக்கு அரசாங்கம் சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அதில் பெரிய மாற்றம் எது செய்தாலும் தனி அனுமதி வேண்டும். ஆட்டோ பைலட் என்றால் அனுமதி ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி. அந்த அனுமதி வாங்கக் கம்பெனி லட்சக்கணக்கில் செலவழிக்கும். கடைசியில் அது விலையில் வந்து விழும். 40, 50 ஆயிரம் டாலர் பெறுகிற பழைய விமானத்துக்கு 20 ஆயிரம் டாலரில் ஆட்டோ பைலட்! யார் வாங்குவார்?

சட்டம் போட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆட்டோ பைலட் என்பது ரேடியோ மாதிரி இல்லை. அதன் கை நேராக இறக்கைத் தகட்டில் இருக்கிறது. பைத்தியம் பிடித்துத் திடீரென்று முழுசாக ஒரு பக்கம் இழுத்தால்? விமானி சுதாரிக்கும்வரை விமானம் தாங்குமா, மனிதன் தன் கை பலத்தால் அதை ஜெயிக்க முடியுமா என்றெல்லாம் பறந்து பார்த்துத்தான் அனுமதி தந்தார்கள். அதற்கும் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

ஆனால், பக்கத்திலேயே ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஷெட்டில் வைத்துச் சொந்தமாக விமானம் கட்டிக்கொள்ளலாம். அதற்கு இந்தக் கெடுபிடிகள் கிடையாது. அங்கே டிஜிட்டல் ஆட்டோ பைலட்கள் வந்துவிட்டன. சுற்றுகிற பம்பரமே இல்லை. செல்போனில் இருப்பது மாதிரி நகத்தளவு சிலிக்கன் சில்லுதான் சாய்வை உணரும். பம்ப் வேண்டாம், தேய்மானம் இல்லை. விலையோ கால் பங்கு! அதாவது, ஷெட்டில் கட்டிய விமானத்தில் பிரமாதமான புது ஆட்டோ பைலட். பக்கத்தில் நிற்கும், தொழிற்சாலையில் செய்த செஸ்னாவில் செத்துப்போன பழசு. பாதுகாப்புக்காகப் போட்ட விதி, பாதுகாப்பையே வாசலில் நிறுத்திவைத்தது.

சாவுக் கணக்கு பேசியது. சின்ன விமானங்களின் உயிர்ப்பலி விபத்துகளில், பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதுதான் முதலிடத்தில் இருந்தது. 2013-ல் அமெரிக்க நாடாளுமன்றம், சின்ன விமான விதிகளைத் திருத்தி எழுதச் சொல்லிச் சட்டம் போட்டது. 2016-ல் விமான ஆர்வலர்களின் சங்கம் ஒன்று முயன்று, சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கான ஒரு மின்னணுச் செயற்கை அடிவானக் கருவியைச் செஸ்னாக்களிலும் பைப்பர்களிலும் பொருத்த அனுமதி வாங்கியது. கதவு திறந்தது. 2017-ல் ட்ரூட்ராக் என்கிற சின்னக் கம்பெனியின் ஆட்டோ பைலட்டுக்கும் அதே வழியில் அனுமதி. சுமார் 5,000 டாலர், பொருத்தும் கூலி தனி. அதே வருஷம் கார்மின் கம்பெனி சின்ன விமானங்களுக்கான தன் ஆட்டோ பைலட்டை அறிவித்தது. ஆகஸ்டில் புது விதிகளும் அமலுக்கு வந்தன.

பாரீஸ் நதிக்கரையில் லாரன்ஸ் கையைத் தூக்கிக் காட்டி 103 வருஷம் ஆகியிருந்தது!

* * *

பழசைக் கழற்றிப் புதுசு மாட்டியாகிவிட்டது. கதை முடிந்ததா?

இல்லை. 1999 ஜூலை 16 இரவு. மறைந்த அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர், மனைவியோடும் மைத்துனியோடும் தன் பைப்பர் விமானத்தில் கடல் மேல் பறந்தார். புழுக்கமான மூட்டம், இருட்டு, அடிவானம் தெரியவில்லை. விமானம் வலது பக்கமாகச் சுருண்டு கடலில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். திசை உணர்வு தப்பியதால் விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்றது விசாரணை. நாலு வருஷம் முன்னால் தயாரான நல்ல விமானம் அது. அதில் ஆட்டோ பைலட்டும் இருந்தது.

ஆக, கருவி விமானத்தில் இருந்தால் மட்டும் போதாது. தலை சுற்றும் அந்தக் கணத்தில் கை அதைத் தேடிப் போக வேண்டும். இதனால்தான் கார்மின் போன்ற புது ஆட்டோ பைலட்களில் தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். குழப்பமா? ஒரே அமுக்கு. மேலும் கீழும் போகாமல், எந்தப் பக்கமும் சாயாமல் விமானம் நிமிர்ந்துவிடும். சிலவற்றில் இன்னும் ஒரு படி மேலே; ஆட்டோ பைலட் அணைந்திருந்தாலும், விமானம் அளவுக்கு மீறிச் சாய்ந்தால் ஸ்டீயரிங்கைத் தானே பின்னுக்குத் தள்ளும். மூனிக்காரர்கள் 1965-ல் செய்ததும், விமானிகள் ரப்பர் பேண்ட் போட்டு அடக்கியதும் கிட்டத்தட்ட இதைத்தான்!

இன்னொரு பாடமும் இருக்கிறது. அது அயோவா அறிக்கையில் ஒளிந்திருக்கிறது. பீட்டர்ஸனுக்குக் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி கிடையாது. அந்த வானிலையில் கிளம்பியதே தப்பு என்றது அறிக்கை. வானிலை எச்சரிக்கைகளை அவருக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்றது. மூன்றாவதாக ஒன்றும் சொன்னது. அவர் பயிற்சி பெற்றது வழக்கமான செயற்கை அடிவானக் கருவியில். அந்த விமானத்தில் இருந்ததோ ஸ்பெர்ரி கம்பெனியின் வேறு ரகம். மூக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதை அது தலைகீழாகக் காட்டும்! பழகியவருக்குப் பிரச்னை இல்லை. இருட்டில், பனியில், பதற்றத்தில் பழகாதவர் பார்த்தால், ஏறுவது இறங்குவதாகவும் இறங்குவது ஏறுவதாகவும் தோன்றியிருக்கும்.

உயிர் காக்க வேண்டிய ஆட்டோ பைலட் அன்றைக்கு இயங்கவில்லை. இயங்கிய கருவி விமானிக்குப் பழக்கமில்லை.

பழைய ஆட்டோ பைலட்டை மாற்றுகிறவர்களிடம் விஷயம் தெரிந்தவர்கள் ஒன்றை வலியுறுத்துவது இதனால்தான். மெக்கானிக் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்ட அன்றே மேகத்துக்குள் போகாதீர்கள். நல்ல வெயிலில், அடிவானம் பளிச்சென்று தெரிகிற நாளில், பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பாருங்கள். முக்கியமாக, அதை எப்படி உடனே அணைப்பது என்று பாருங்கள். விரல் தானாகப் போகும்வரை!

ஏனென்றால், தேவைப்படுகிற அன்றைக்குப் படித்துக்கொள்ள நேரம் இருக்காது. சராசரியாக 178 விநாடிகள்தான்.